ஒட்சிசன் எட்டாத கலங்கள்

காற்றின்றி உயிரில்லை என்பது பண்டுதொட்டு அறியப்பட்ட உண்மை. ஆயினும், ஒட்சிசன் குறைந்து திணறும் கலமே சிலவேளைகளில் கொடியதாக மாறுகின்றது. புற்றுநோய் பற்றிய இவ்வுண்மை புலப்பட ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு சென்றது.

தோலை அழுத்திக் குருதியோட்டத்தைக் குறைத்தால் எக்ஸ் கதிரின் தாக்கமும் குறைகின்றது என 1909ஆம் ஆண்டில் வியன்னா மருத்துவர் கொட்வால்ட் சுவார்ஸ் கண்டார். ஒட்சிசன் குறைவே அதற்குக் காரணம் என்பது பின்னரே தெளிவாயிற்று. 1955இல் இங்கிலாந்தில் தொம்லின்சன், கிரே என்னும் இருவர் நுரையீரற் புற்றின் மெல்லிய வெட்டுத்துண்டுகளை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தனர். குருதிக்கலன்களுக்கு அண்மையிலிருந்த கலங்கள் செழித்திருந்தன. ஒரு மில்லிமீற்றரின் ஐந்திலொரு பங்கிற்கும் குறைவான தொலைவுக்கு அப்பால் அவை மடிந்து கிடந்தன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட விளிம்பில், ஒட்சிசன் குன்றியும் உயிர் நீங்காத கலங்கள் இருத்தல் கூடும் என அவர்கள் கருதினர். கதிர்ச் சிகிச்சைக்குத் தப்பி நோயை மீட்டும் தோற்றுவிக்க வல்லவை அவையே.

அக்கலங்கள் எவ்வாறு பிழைக்கின்றன? 1990களில் அமெரிக்கரான கிரெக் செமென்சா அதற்குரிய புரதத்தைக் கண்டறிந்தார். ஒட்சிசன் நிறைந்தவிடத்து அப்புரதம் உடனே அழிக்கப்படும். குறைந்தவிடத்துத் திரண்டு, புதிய குருதிக்கலன்களை வளர்க்கவும், வெல்லத்தை வேறுவழியிற் பயன்படுத்தவும், வேறிடம் பரவவும் கலத்தைத் தூண்டும். இவ்வாய்வுக்காக அவரும் வில்லியம் கெலின், பீற்றர் இரட்கிளிவ் ஆகியோரும் 2019இல் நோபெல் பரிசு பெற்றனர்.

இரைப்பையின் பின்னே மறைந்துள்ள சதையியில் இது பெருங்கேடு விளைக்கின்றது. அங்கு தோன்றும் புற்றைச் சூழ்ந்து அடர்ந்த நாரிழையம் வளர்ந்து குருதிக்கலன்களை நெரிக்கின்றது. ஒட்சிசனும் செல்வதில்லை, மருந்தும் செவ்வனே சேர்வதில்லை. சத்திரசிகிச்சையின்போதே அளந்து பெற்று 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட அளவீடுகள், அயலிலுள்ள நல்ல இழையத்தைவிடப் புற்றில் ஒட்சிசன் மிகக் குறைந்திருந்ததைக் காட்டின.

அவ்வாறாயின் நாரிழையத்தை அகற்றினாற் போதாதா? 2014இல் வெளிவந்த எலிச் சோதனைகள் எதிர்பாராத விடையளித்தன. நாரிழையம் குறைந்த எலிகளிற் புற்று மேலும் மூர்க்கமாயிற்று. சூழ்ந்து நெரித்த இழையமே ஓரளவு வேலியாகவும் நின்றது. ஒட்சிசன் குறைந்தவிடத்து மட்டும் நஞ்சாக மாறும் ஒரு மருந்தும் 2015இல் நிறைவுற்ற பரிசோதனையில் நோயாளரின் ஆயுளை எதிர்பார்த்த அளவு நீட்டவில்லை.

அமெரிக்காவில் இன்றும் இந்நோயுற்றோருள் ஐந்தாண்டு கடந்து வாழ்வோர் ஏறத்தாழ எட்டில் ஒருவரே. பகைவன் ஒளிந்துறையும் இடம் அறியப்பட்டுவிட்டது. வேலியைக் குலைக்காது அவ்விடத்தை அடையும் வழியே இன்னும் தேடப்படுகின்றது.