இருபது ரூபாய் மணியார்டர்



போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒருவன் கேட்டிருந்தான்: "டீச்சர், மாசாமாசம் ஆயிரம் ரூபாய் சும்மா குடுத்தா வறுமை போயிடுமா? சோம்பேறிதானே ஆவாங்க?" கீழே வரிசையாகக் கட்டைவிரல் தூக்கியிருந்தீர்கள். ஒரு வரியில் பதில் போட எனக்கு வராது. வரலாறு எடுத்தவள், தேதியிலிருந்துதான் தொடங்குவேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1961 ஆகஸ்டில் நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி முதன்முதலாக வெளிப்பட்டது. மறு ஆண்டே அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அதே 1962-ல், ஏப்ரல் முதல் தேதி, காமராஜர் ஆட்சியில் இன்னொன்றும் தொடங்கியது: ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் ஓய்வூதியம். மின்சாரம் வந்த கதையை நம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். இந்த இருபது ரூபாயை யாரும் சொல்வதில்லை.

எனக்கு அது மறக்காததற்குக் காரணம், குறிஞ்சிப்பாடிப் பக்கம் எங்கள் தெருவில் இருந்த ஓர் ஆயா. பிள்ளை குட்டி இல்லை. முந்திரிக்கொட்டை உடைத்துப் பிழைத்தவர். கண் மங்கியதும் அந்த வேலையும் போயிற்று. தெருவில் யாராவது கஞ்சி ஊற்றினால் உண்டு. இல்லையென்றால் வடலூர் தருமசாலை வரை நடப்பார். வள்ளலார் 1867-ல் மூட்டிய அடுப்பு அங்கே அணையாமல் எரிவதால், எங்கள் பக்கத்து ஏழைகளுக்கு அது ஒரு தைரியம்.

பிறகு ஆயாவுக்கு மணியார்டர் வரத் தொடங்கியது. தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து கைநாட்டு வாங்கிக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுப்பார். அடுத்த மாதமே மளிகைக் கடைக்காரர் ஆயா பெயரில் ஒரு கணக்கு நோட்டு போட்டார். அதுவரை அவருக்குக் கால்படி அரிசிகூடக் கடனாகக் கிடைத்ததில்லை. பணம் கொஞ்சம்தான், ஆனால் மாதம் தவறாமல் வரும் என்று கடைக்காரருக்குத் தெரியும். அந்த நம்பிக்கைதான் அரிசியாக மாறியது. மணியார்டர் வந்த அன்று எங்களுக்கெல்லாம் ஆயா கமர்கட் வாங்கித் தருவார். வாங்கியே பழகிய கை கொடுக்கவும் தொடங்கியதை அப்போது நான் கவனிக்கவில்லை. இப்போது புரிகிறது.

முதியோருக்குப் பின், 1975-ல் ஆதரவற்ற விதவையருக்கு ஓய்வூதியம் வந்தது. 1987-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு உதவி. 1989-ல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவி: எட்டாவது வரை படித்த ஏழைப் பெண்ணுக்குத் திருமணத்தின்போது 5,000 ரூபாய்.

இங்கே ஒரு மாணவியின் கதை. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம் என்றாள். 1990-ல் ஏழாவது படித்தாள். அப்பா இறந்ததும் பள்ளியை நிறுத்திவிட்டு முந்திரி வேலைக்கு அனுப்ப முடிவு செய்தார்கள். நான் வீட்டுக்கே போய்க் கல்வியின் பெருமையை அரை மணி நேரம் பேசினேன். அம்மா மோர் கொடுத்தார், தலையாட்டினார், பிள்ளையை அனுப்பவில்லை. இரண்டு வாரம் கழித்து அவரே பள்ளிக்கு வந்து கேட்டார்: "எட்டாவது முடிச்சா அஞ்சாயிரம் தருவாங்களாமே, நெசமா டீச்சர்?" பெண் திரும்பி வந்தாள். எட்டாவது முடித்தவள் நிற்கவில்லை, பத்து, பன்னிரண்டு என்று போய் இன்று ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறாள்.

அன்று எனக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது. என் பேச்சால் ஆகாததைக் காசு செய்துவிட்டதே என்று. அந்த அம்மாவுக்குப் படிப்பின் அருமை தெரியாமல் இல்லை. மகள் கொண்டுவரும் கூலி இல்லாமல் அடுப்பு எரியாது என்பதும் தெரியும். அந்தக் கணக்கை என் அறிவுரை மாற்றவில்லை, ஐயாயிரம் மாற்றியது.

பிள்ளை பள்ளிக்கு வந்தால் தாயின் கையில் பணம் என்று மெக்சிகோ 1997-ல் தொடங்கியது. திட்டம் வந்த கிராமங்களையும் வராத கிராமங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, முன்னதில் பெண்பிள்ளைகள் உயர்வகுப்புக்குப் போவது கூடியிருந்தது. பிரேசில் 2003-ல் 'போல்சா ஃபமிலியா' கொண்டுவந்தது. நாம் எட்டாவது படிப்போடு பணத்தை முடிச்சுப் போட்டது அதற்கெல்லாம் முன்பு.

ஆனால் நம் முடிச்சில் ஒரு கோணல் இருந்தது. படிப்புக்குப் பரிசு கல்யாணத்தின்போதுதான் கிடைத்தது. அதை 2022 செப்டம்பர் 5-ல், ஆசிரியர் தினத்தன்று, புதுமைப் பெண் திட்டமாக மாற்றினார்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய். மறு ஆண்டு செப்டம்பர் 15-ல் மகளிர் உரிமைத் தொகை தொடங்கி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் விழுகிறது.

சோம்பேறி ஆவார்களா? 2011 வாக்கில் மத்தியப் பிரதேசத்தில் 'சேவா' அமைப்பு யுனிசெஃப் உதவியோடு எட்டுக் கிராமங்களில் எல்லோருக்கும் மாதாமாதம் பணம் கொடுத்துப் பார்த்தது. குடி கூடவில்லை. வேலையும் குறையவில்லை. கூலிக்குப் போனவர்கள் சிலர் சொந்தக் காட்டில் கூடுதலாகப் பாடுபட்டார்கள்.

பணம் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. நடந்து போகும் தூரத்தில் பள்ளி இல்லாவிட்டால் அந்த மாணவிக்கு ஐயாயிரத்தால் என்ன பயன்? சத்துணவும் ரேஷன் அரிசியும் அரசு ஆஸ்பத்திரியும் சேர்ந்துதான் பணத்துக்குப் பலம். கொடுக்கிற தொகையும் விலைவாசியோடு ஏற வேண்டும். முதியோர் ஓய்வூதியம் 2011-ல் 1,000 ஆனது, 1,200 ஆகப் பன்னிரண்டு வருஷம் பிடித்தது. அதில் மத்திய அரசின் பங்கு, 80 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு, 2007-லிருந்து அதே 200 ரூபாய்.

கடைசியாக ஒன்று. நம்மில் பலர் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள். பொதுத்துறைச் சம்பளம், நிழல் விழும் சாலை, பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் நமக்கு இருந்தன. அவற்றை யாரும் 'சும்மா கொடுத்தது' என்று சொன்னதில்லை. எனக்கும் மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிறது, நான் சோம்பேறி ஆகிவிட்டேனா? இதோ, உங்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கேள்வி கேட்டவன் மேல் கோபம் இல்லை. வகுப்பிலும் அவன்தான் முதலில் கை தூக்குவான். உங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவிடம் ஒருநாள் கேளுங்கள், அந்த ஆயிரம் எதற்குப் போகிறது என்று. வந்து இங்கே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்