கீழாநெல்லியை இனம் கண்ட வரலாறு

பாலக்காட்டுச் சித்தூரிலும், இடுக்கி மலைப்பகுதியில் தேவிகுளம், பீர்மேடு ஆகிய இடங்களிலும் தமிழும் மலையாளமும் ஒரே வீதியில் வழங்குகின்றன. மஞ்சள் காமாலைக்குப் பேர்போன ஒரு சிறு செடியைத் தமிழர் கீழாநெல்லி என்பர். மலையாளிகள் கீழார்நெல்லி என்பர். மொழி மாறினும் பெயர் மாறவில்லை. ஆயினும், அந்த ஒரு பெயருக்குள் பல செடிகள் மறைந்துள்ளன. அவற்றைப் பிரித்தறிந்த வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

17ஆம் நூற்றாண்டில் கொச்சியில் ஒல்லாந்தரின் ஆளுநராக இருந்த வான் ரீடே, மலையாள நாட்டுத் தாவரங்களைப் பற்றி ஒரு பெருநூலை எழுதுவித்தார். 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' எனும் அந்நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. சேர்த்தலையை அடுத்த கடக்கரப்பள்ளியைச் சார்ந்த இட்டி அச்சுதன் என்னும் வைத்தியர், தம் குலத்தில் வழிவழியாக வந்த அறிவைக் கொண்டு செடிகளின் பெயரையும் குணத்தையும் எடுத்துரைத்தார். 10ஆம் தொகுதியில் கீழார்நெல்லிக்கு ஒரு படமும், சிறு கீழார்நெல்லிக்கு வேறொரு படமும் உள்ளன. இரண்டும் வெவ்வேறு என்பதை நம் வைத்தியர் அன்றே அறிந்திருந்தனர் என்பதற்கு இதுவே சான்று.

1753இல் லின்னேயஸ் இட்ட 'பிலாந்தஸ் நிரூரி' என்ற பெயரைப் பிற்கால நூல்கள் நம் கீழாநெல்லிக்கும் சூட்டின. அப்பெயருக்குரிய செடி அமெரிக்காவைச் சார்ந்தது என்பதை 1950களில் வெப்ஸ்டர் என்ற தாவரவியலார் தெளிவாக்கினார். நம்முடையது 'பிலாந்தஸ் அமாரஸ்'. அமாரஸ் என்றால் கசப்பு.

இலைகள் அமைந்த சிறுகிளையின் கீழே வரிசையாகக் காய் தொங்குவது இவ்வினங்கள் பலவற்றிற்கும் பொது. ஆகவே அதுமட்டும் அடையாளமாகாது. கீழாநெல்லியின் தண்டு பசுமையானது, காய் வழுவழுப்பானது, மெல்லிய காம்புடையது. சிறு கீழார்நெல்லியின் தண்டு செம்மை படர்ந்தது. காய் சொரசொரப்பாய், காம்பின்றி ஒட்டியிருக்கும். 'டெபிலிஸ்' என்னும் மற்றோர் இனமோ கீழாநெல்லியையே ஒத்தது. கீழாநெல்லிப் பூவின் புறவிதழ் 5, டெபிலிஸுக்கு 6. உருப்பெருக்கிக் கண்ணாடியின்றி இதனை எண்ணுதல் அரிது.

இவ்வேறுபாடு புலவர் வாதம் அன்று. 1988இல் சென்னைப் பல்கலைக்கழக அறிஞர்கள், கல்லீரலைத் தாக்கும் 'பி' வகை வைரஸுக்குக் கீழாநெல்லி பயன்படும் என்று 'லான்செட்' இதழில் எழுதினர். பின்னர் பிற நாடுகளில் நடந்த சோதனைகளில் அப்பயன் அவ்வாறே கிட்டவில்லை. சோதித்த செடி எது என்று உறுதிப்படாத இடத்தில் முடிவை ஒப்பிடுவது எங்ஙனம்? தென்னிந்தியக் கடைச்சரக்கை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வொன்று, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மாதிரிகள் பிற இனங்களே என்று கண்டது.

வெளி மாநிலங்களில் வாழும் நாம் இதனை இன்னும் கருத்தில் கொள்ள வேண்டும். வடநாட்டுக் கடைகளில் 'பூயி ஆம்லா' என்ற பெயரிலும் பல இனங்கள் விற்கப்படுகின்றன. அங்கே 'பிராமி' என்று கேட்டால் நம் வல்லாரை கிடைப்பதும் உண்டு. கேரளத்தில் அப்பெயர் நீர்ப்பிரமியையே குறிக்கும். பொடியாக்கிய சரக்கில் தண்டும் தெரியாது, காயும் தெரியாது. காமாலைக்குக் காரணமும் ஒன்றன்று. பித்தக்கல்லாலும் அது வரக்கூடும். ஆதலின் முதலில் மருத்துவரிடம் நோயை அறிவோம். பின்னர் மூலிகையை வேரோடும் காயோடும் கண்டு தெளிவோம். பெயரைக் கேட்டு நம்பாமல் செடியைப் பார்த்துத் தெளிவதே அப்பழைய வைத்தியர் நமக்கு விட்டுச்சென்ற நெறி.