பொய்க்கண்ணும் ஒரு கல்கத்தா கிளார்க்கும்

எங்க ஊரு அம்மையார்குப்பம். திருத்தணிக்குப் பக்கம், இன்னும் கொஞ்சம் போனா ஆந்திரா. தறிச் சத்தத்துல வளர்ந்தவனுக்கு 'கண்'ணுனு சொன்னா முதல்ல ஞாபகம் வர்றது டிசைன் தான். காஞ்சிபுரம் பட்டுல மயில்கண், குயில்கண் எல்லாம் காலங்காலமா வர்ற டிசைன். பார்க்கத் தெரியாது, ஆனா பேரு மட்டும் கண்ணு.

விலங்கியல்லயும் இதே கூத்து உண்டு. லத்தீன்ல ஓசெல்லஸ்னு ஒரு வார்த்தை, 'குட்டிக்கண்'ணுனு அர்த்தம். இதை ரெண்டு சமாச்சாரத்துக்குப் பயன்படுத்தறாங்க. ஒண்ணு, நிஜமான எளிய கண். குளவியோட தலையில ரெண்டு பெரிய கூட்டுக்கண்ணுக்கு நடுவுல மூணு புள்ளி இருக்கும். உருவம் எதுவும் தெளிவாத் தெரியாது. வெளிச்சம் எந்தப் பக்கம், வானம் எந்தப் பக்கம்னு மட்டும் தெரியும், பறக்கறப்ப கவிழாம இருக்க அது போதும். இன்னொண்ணு, மயில்பீலியிலயும் பட்டாம்பூச்சி இறக்கையிலயும் இருக்கற பொய்க்கண்.

பட்டாம்பூச்சி வாழ்க்கையில இந்த ரெண்டுமே வரும். புழுவா இருக்கறப்ப தலையில பக்கத்துக்கு ஆறு எளிய கண். இறக்கை முளைச்சு வெளிய வரும்போது பார்க்கறதுக்குக் கூட்டுக்கண், காட்டறதுக்குப் பொய்க்கண். இந்தப் பொய்க்கண்ணை நம்பி மனுஷங்க நூறு வருஷத்துக்கு மேல ஏமாந்த கதை தான் இந்தப் பதிவு.

ஏரிக்கரையில நீர்முள்ளி, பொடுதலை முளைச்சுக் கெடக்கற இடத்துல ஆரஞ்சு நிறத்துல ஒரு பட்டாம்பூச்சி திரியும். இறக்கை மேல்பக்கம் மயில்பீலி மாதிரி பெரிய கண் இருக்கும். மயில் வசீகரன்னு பேரு. 1758ல ஸ்வீடன்காரர் லின்னேயஸ் 'சிஸ்டமா நேச்சுரே' பத்தாவது பதிப்புல இதுக்குப் பேர் வெச்சாரு. ஒண்ணு இல்ல, ரெண்டு பேரு! இறக்கை உருண்டையா, அடிப்பக்கமும் கண்கள் இருந்த பூச்சிக்கு ஆஸ்டீரி. இறக்கை ஓரம் கோணலா, அடிப்பக்கம் கண்ணே இல்லாம அச்சு அசலா காஞ்ச இலை மாதிரி இருந்த பூச்சிக்கு அல்மானா. கப்பல்ல வந்த செத்த பூச்சிகளைப் பார்த்து எழுதினவருக்கு அது ரெண்டும் வேற வேற ஜாதி தான்.

நம்ம பாஷையில சொன்னா, ஒரே ஆளுக்கு டேட்டாபேஸ்ல ரெண்டு ஐடி.

இது ஒண்ணோட நிக்கல. நெல்வயல் ஓரமா பொழுது சாயற நேரத்துல தாழப் பறக்கற ஒரு பழுப்புப் பட்டாம்பூச்சி இருக்கு. அதுல கண் இருக்கறதுக்கு லின்னேயஸ் 1758ல லீடானு பேர் வெச்சாரு. கண் மங்கி சருகு மாதிரி இருக்கறதுக்கு டச்சுக்காரர் கிராமர் 1775ல இஸ்மீன்னு வெச்சாரு. ஐரோப்பா மியூசியங்கள்ல ரெண்டும் தனித்தனி டப்பாவுல உக்காந்துச்சு.

இதைத் தீர்த்து வெச்ச ஆள் தான் நம்ம ஹீரோ, லயனல் டி நீஸ்வில். 1852ல இங்கிலாந்துல பொறந்து, 1870ல கல்கத்தா வந்தவரு. பொழப்பு அரசாங்க ஆபீஸ்ல கிளார்க் வேலை. பூச்சி எல்லாம் ஆபீஸ் முடிஞ்சப்புறம் தான். (வேலை ஒரு பக்கம், வலைப்பூ ஒரு பக்கம்னு ஓடற நமக்கு இந்த மாதிரி ஆளைப் பார்த்தா ஒரு பாசம் வரத்தான் செய்யும் :-)) ஆபீஸ் போய்க்கிட்டே மார்ஷல்ங்கற ராணுவ அதிகாரியோட சேர்ந்து இந்தியா, பர்மா, இலங்கை பட்டாம்பூச்சிகளைப் பத்தி 1882ல பெரிய புத்தகம் ஒண்ணை ஆரம்பிச்சாரு. அடுத்த ரெண்டு பாகத்தையும் தனியாவே எழுதி 1890ல முடிச்சாரு.

அவர் செஞ்சது ரொம்ப எளிமையான வேலை. செத்த பூச்சிகளை வரிசையா வெச்சு ஒப்பிடறதை விட்டுட்டு, முட்டையில இருந்து வளர்த்துப் பார்த்தாரு. லீடா வகையறா பழுப்புப் பூச்சிகள்ல கண் இருக்கறதும் இல்லாததும் ஒரே வம்சம், வித்தியாசம் மழைக்காலமா வறட்சிக்காலமாங்கறது மட்டும் தான்னு தெரிஞ்சுது. 1886ல வங்காள ஆசியக் கழக இதழ்ல கட்டுரையா போட்டாரு. மயில் வசீகரன் கதையும் அதே தான். ஆஸ்டீரி மழைக்காலச் சட்டை, அல்மானா வறட்சிக்காலச் சட்டை. இன்னிக்கு அல்மானாங்கற பேர் மட்டும் தான் செல்லும்.

டி நீஸ்வில்லுக்கு 1901ல அரசாங்கப் பூச்சியியல் பதவியே கிடைச்சுது. ஆசைப்பட்ட வேலை. அதே வருஷம் டிசம்பர்ல மலேரியாவுல போயிட்டாரு. ஐம்பது வயசு கூட ஆகல.

சரி, பூச்சி எதுக்கு இப்படிச் சட்டை மாத்துது? 1984ல பிரேக்ஃபீல்டுனு ஒருத்தரும் டார்பன் லார்சனும் இதுக்கு ஒரு விளக்கம் எழுதினாங்க. லார்சன் அப்புறம் நம்ம நீலகிரி பட்டாம்பூச்சிகளைப் பத்தியும் விரிவா எழுதினவரு. விளக்கம் இது தான். மழைக்காலத்துல எங்க பார்த்தாலும் பச்சை. பழுப்புப் பூச்சி எங்க உக்காந்தாலும் தெரிஞ்சுடும், முட்டை போட அலைஞ்சுக்கிட்டே வேற இருக்கும். அதனால இறக்கை ஓரத்துல கண். பல்லியோ பறவையோ தலைனு நினைச்சு அங்க கடிக்கும், இறக்கைத் துண்டு மட்டும் போகும், உயிர் தப்பிக்கும். வறட்சியில தரை முழுக்க சருகு. சருகோட சருகா அசையாம மழைக்குக் காத்துக்கிட்டு இருக்கணும். அப்போ கண் இருந்தா அதுவே காட்டிக் குடுத்துடும். அதனால கண்ணை எடுத்துடுது.

பெரிய கண் பண்ற வேலை வேற, அது மிரட்டல். 1957ல பிளெஸ்ட்ங்கறவர், பறவைகள் இரை எடுக்க வர்ற பெட்டியில விளக்குப் போட்டு உருவங்களைக் காட்டிப் பார்த்தாரு. பெருக்கல் குறியை விட வட்டத்துக்குள்ள வட்டம் காட்டினப்ப பறவைகள் அதிகமா மிரண்டுச்சு. பறவை மட்டும் இல்ல. ஆப்பிரிக்காவுல போட்ஸ்வானாவுல மாட்டோட பின்பக்கம் கண் வரைஞ்சு நாலு வருஷம் பார்த்திருக்காங்க, 2020ல முடிவு வந்துச்சு. ஒண்ணும் வரையாத 835 மாட்டுல 15 அடிபட்டுச்சு, பெருக்கல் குறி போட்ட 543ல 4. கண் வரைஞ்ச 683ல ஒண்ணு கூட இல்ல.

கண் எப்படி இறக்கையில ஏறுதுங்கறது எங்க ஊர்க்காரங்களுக்குச் சட்டுனு புரியும், புட்டா போடற மாதிரி தான். 1980ல நைஹவுட்ங்கறவர் மயில் வசீகரனோட அமெரிக்கப் பங்காளி ஒண்ணை எடுத்து, கூட்டுப்புழுவா இருக்கறப்பவே கண்ணோட நடுப்புள்ளியில வரப்போற செல்களை வேற இடத்துல ஒட்டினாரு. அங்க புதுசா ஒரு கண் வந்துச்சு. அந்த செல்களைச் சுட்டுட்டா கண் வரல. 1994ல அதே நடுப்புள்ளியில டிஸ்டல்-லெஸ்னு ஒரு மரபணு வேலை செய்யறதைக் கண்டுபிடிச்சாங்க. பூச்சிக்குக் காலும் உணர்கொம்பும் முளைக்க வைக்கற பழைய மரபணு அது. கோடை எழுதினவங்களுக்குத் தெரியும், பழைய ஃபங்ஷனைப் புது இடத்துல கூப்பிடறது எவ்வளவு சௌகரியம்னு.

டி நீஸ்வில் சொன்ன சட்டை மாத்தறதுக்கும் ஸ்விட்ச் கிடைச்சுது. பிரேக்ஃபீல்டு குழு ஆப்பிரிக்காவோட பழுப்புப் பூச்சி ஒண்ணை வளர்த்துப் பார்த்தாங்க. புழு 27 டிகிரியில வளர்ந்தா பெரிய கண், 17 டிகிரியில வளர்ந்தா கண் சுருங்கிடுது. அந்தப் பூச்சி இருக்கற மலாவியில வறட்சிக்கு முன்னாடி குளிர் வரும், அதான் கணக்கு. நம்ம ஊர் வறட்சியில வெயில் மண்டையைப் பொளக்கும், அதனால அந்தக் கணக்கை அப்படியே இங்க போட முடியாது.

திருத்தணி 1960 ஏப்ரல் 1ஆம் தேதி ஆந்திராவுல இருந்து சென்னை மாநிலத்துக்கு வந்துச்சு. விலாசம் மாறுச்சு, மலையும் ஏரியும் மாறல. எந்த வருஷத்து விலாசம்னு தெரியாம பழைய கடுதாசியைப் படிச்சா ரெண்டு ஊர்னு தான் நினைக்கத் தோணும். மியூசியம் டப்பாவுல இருந்த பூச்சிக்கும் நடந்தது அது தான். ஊசி இருந்துச்சு, பேரு இருந்துச்சு, எந்த மாசம் பிடிச்சதுங்கற ஒரு வரி இருந்திருந்தா பாதிக் குழப்பம் அப்பவே தீர்ந்திருக்கும்.

இப்ப எல்லார் கையிலயும் கேமரா இருக்கு. ஏரிக்கரையில இந்தப் பூச்சியைப் பார்த்தா, அழகா விரிச்சு வெச்ச மேல்பக்கத்தை மட்டும் எடுத்துட்டு வந்துடாதீங்க. இறக்கையை மூடற வரைக்கும் பொறுத்திருந்து அடிப்பக்கத்தையும் எடுங்க, தேதியையும் இடத்தையும் சேர்த்து எழுதி வைங்க. கிளார்க் வேலை தான், ஆனா அதைச் செஞ்ச கிளார்க் தான் லின்னேயஸையே திருத்தினாரு.

உங்க ஊர்ல இதுக்கு வேற பேர் ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க மக்கா.