வார்டிலிருந்து வாசல் வரை: மருத்துவமனைப் பணியாளர் பாதுகாப்புச் சட்டங்களின் வளர்ச்சி

சேர்வராயன் மலைக் கிராமம் ஒன்றில் இரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால், முதலில் ஏற்காடு அரசு மருத்துவமனை. நிலைமை கைமீறினால் 108 வண்டி. இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி சேலம் ஜி.எச். இந்த வழி நெடுக உறவினர்களின் பதற்றத்தையும் கோபத்தையும் தாங்குவோர் செவிலியர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், அவசர மருத்துவ உதவியாளர், வாசல் காவலர். பெரிய மருத்துவர் பெரும்பாலும் கடைசியில்தான் வருவார். ஆனால் சட்டத்தின் பார்வை வாசல்வரை வந்து சேர ஒன்றரை நூற்றாண்டு ஆனது.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் மருத்துவமனையைத் தனியாகக் கருதவில்லை. அரசு ஊழியரைப் பணியில் தடுத்துத் தாக்கினால் 353ஆம் பிரிவில் இரண்டாண்டு, காயப்படுத்தினால் 332ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை என்றிருந்தது. அரசுச் சம்பளப் பட்டியலில் இல்லாத தனியார் மருத்துவருக்கும் செவிலியருக்கும் மிஞ்சியது சாதாரணக் காயத்துக்கான 323ஆம் பிரிவு. பிடியாணை இல்லாமல் போலீஸ் கைது செய்ய முடியாத குற்றம் அது.

தமிழ்நாட்டில் திருப்பம் 2008இல் வந்தது. செப்டம்பரில் 108 சேவை தொடங்கிய அதே ஆண்டில், மருத்துவப் பணியாளர்களையும் மருத்துவ நிறுவனங்களையும் வன்முறையிலிருந்து காக்கும் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் பத்தாண்டு சிறை. ஜாமீனில் விட முடியாத குற்றம். அடித்தவர் மட்டுமல்ல, தூண்டிவிட்டவரும் சிக்குவார்.

தண்டனை கடுமையானதால் மட்டும் கை ஓங்குவது நின்றுவிடவில்லை. 2012 ஜனவரியில் தூத்துக்குடியில் ஒரு பெண் மருத்துவர் தம் கிளினிக்கிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். 2020 ஏப்ரல் 19 இரவு, கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை ஏற்றிவந்த ஆம்புலன்ஸைச் சென்னையில் ஒரு கும்பல் கல்லாலும் கட்டையாலும் நொறுக்கியது. ஊழியர்கள் அடிபட்டு ஓட, சக மருத்துவர் ஒருவர் உதவிக்கு வந்த ஓரிருவருடன் மண்வெட்டி பிடித்து அவரை அடக்கம் செய்தார். மூன்றே நாளில் மத்திய அரசு 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டத்தை அவசரச் சட்டத்தால் திருத்தியது. முப்பது நாளில் விசாரணை, ஓராண்டில் வழக்கு முடிவு என்று கெடு விதித்தது. ஆனால் தொற்றுக் காலம் முடிந்தால் அதன் வேலையும் முடிந்தது.

வாசலைப் பெயர் சொல்லிச் சேர்த்தது கேரளம். 2023 மே 10 அன்று கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில் இளம் மருத்துவர் வந்தனா தாஸ் கொல்லப்பட்டதும், அம்மாநிலம் தன் 2012 சட்டத்தைத் திருத்தியது. பாதுகாப்புக் காவலர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், உதவியாளர் எல்லோரும் உள்ளே வந்தனர், வாய்த்திட்டும் தண்டனைக்குரியதானது. பிரிட்டனின் 2018ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு வழியில் சென்றது: பதவியின் பெயரைவிட, நோயாளியோடும் பொதுமக்களோடும் நேருக்கு நேர் நிற்கும் பணியையே அளவுகோலாக்கியது.

2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் ஒருவர் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின், தாக்குதல் நடந்த ஆறு மணி நேரத்துக்குள் மருத்துவமனைத் தலைவரே புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர் பதிய வைக்க வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் உத்தரவிட்டது. நவம்பர் 13 அன்று கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டார். அதன்பின் நோயாளியுடன் இருப்பவர்களுக்குக் கையில் டேக் கட்டும் முறை வந்தது. டேக் இல்லாதவரை மறிக்கும் வேலை காவலருடையது. அதனால் வரும் வம்பும் அவருக்கே. அரசு மருத்துவமனைகளில் அவர் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனம் அனுப்பிய ஆள். அடிபட்டால் புகார் கொடுக்க வேண்டியது மருத்துவமனையா, ஒப்பந்த நிறுவனமா என்ற இழுபறிக்கு இடமுண்டு.

ஆறு மணி நேர உத்தரவு அந்த இழுபறியைத் தீர்த்துவிடும். ஆனால் அது மத்திய அமைச்சகத்தின் உத்தரவு. ஏற்காடும் சேலமும் மாநில அரசின் பொறுப்பு. தனி மத்தியச் சட்டம் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் அமைத்த தேசியப் பணிக்குழுவும் கருதியதால், புகார் கொடுக்கும் கடமையை மருத்துவமனைத் தலைவர் மேல் சுமத்தும் விதியையும், காவலரைப் பெயர் சொல்லிக் காக்கும் வரையறையையும் சென்னைக் கோட்டைதான் எழுத வேண்டும்.