சேற்றுக்கு அடியில் கல்: தெமோதரைத் தோட்டப் பாதைகளும் ஒல்லி டயரும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மார்கழி மாதத்தில், கனடாவில் வாழும் என் அக்காவின் மகன் தெமோதரைக்கு வந்திருந்தான். கொழும்பில் வாடகைக்கு எடுத்த ஃபோர்-வீல் ஜீப் ஒன்றில் வந்தான். அதன் டயர்கள் 33 அங்குல உயரமும் 12.5 அங்குல அகலமும் கொண்டவை. சேற்றில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டவை என்று பெருமையோடு காட்டினான். அவனுடைய அம்மா பிறந்த லயத்தைப் பார்க்கப் புறப்பட்டோம். பிரதான வீதியை விட்டுத் தோட்டப் பாதையில் ஏறி இரண்டாவது வளைவில் வண்டி வழுக்கிக் கானுக்குள் இறங்கியது.

அரை மணி நேரம் கழித்து மரக்கறி வியாபாரி ஒருவரின் பழைய லேண்ட் ரோவர் மேலேயிருந்து வந்தது. அதன் டயர்கள் எங்கள் வண்டியின் டயர்களோடு ஒப்பிட்டால் சைக்கிள் டயர் போலத் தெரிந்தன. அந்த வண்டிதான் எங்களை இழுத்து எடுத்தது. "தம்பி, இந்த அகல டயர் நம்ம பாதைக்குச் சரிவராது. இது சேத்து மேலயே ஓடும். நம்மளுக்குக் கீழ இருக்கிற கல்லுதான் வேணும்" என்று கூறிவிட்டு அவர் போய்விட்டார்.

"அவர் சொன்னது உண்மையா மாமா?" என்று மருமகன் கேட்டான். அதற்குப் பதில் தேடப் போய், டயரைப் பற்றி மட்டுமன்றி எங்கள் பாதைகளைப் பற்றியும் படிக்க நேர்ந்தது. அதனையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் பாதை. இலங்கையின் நவீன வீதிகள் 1820களில் ஆளுநர் எட்வர்ட் பான்ஸ் காலத்தில் தொடங்குகின்றன. கொழும்பு-கண்டி வீதியிலும் அதன் பின்னர் மலைகளுக்குள் சென்ற வீதிகளிலும் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் உழைப்பும் கலந்திருக்கிறது. பின்னர் கோப்பிக்காகவும், 1869இல் கோப்பியை இலைநோய் தாக்கிய பின் தேயிலைக்காகவும், தோட்டங்களுக்குள் வண்டிப்பாதைகள் வெட்டப்பட்டன. மலையைக் குடைந்து, கருங்கல்லை உடைத்து, கையால் அடுக்கி, மேலே மண்ணும் சிறுகல்லும் போட்டு இறுக்கிய பாதைகள் அவை. இன்றும் எங்கள் பகுதியின் பல பாதைகளில் மேல்மண்ணைச் சுரண்டினால் அந்தக் கல்வரிசை தெரியும்.

அப்பாதைகளில் முதலில் ஓடியவை மாட்டு வண்டிகள். புகையிரதம் 1885இல் நானுஓயாவுக்கும் 1893இல் அப்புத்தளைக்கும் 1894இல் பண்டாரவளைக்கும் வந்து, அங்கேயே நீண்டகாலம் நின்றுவிட்டது. பதுளையை அது அடைந்தது 1924இல்தான். பாதை தங்கள் பகுதிக்கு நீளும்வரை தெமோதரைப் பகுதித் தேயிலைப் பெட்டிகள் வண்டியில்தான் புகையிரதம் தேடிப் போயின. அந்த வண்டிச் சில்லின் இரும்புப் பட்டை மிகவும் ஒடுக்கமானது. மழைக்காலத்தில் அது சேற்றைக் கத்திபோல் வெட்டிக் கீழே இருக்கும் கல்லைத் தொட்டு நின்றது. ஒல்லி டயரின் சூத்திரம் டயர் பிறப்பதற்கு முன்னரே வண்டிக்காரருக்குத் தெரிந்திருந்தது எனலாம்.

ஆனால் வீதியின் சொந்தக்காரர் ஒல்லிச் சில்லை விரும்புவதில்லை. அது பாதையை வெட்டிவிடும். இங்கிலாந்தில் 1753இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, சுங்கச் சாலைகளில் ஓடும் பார வண்டிகளின் சில்லு 9 அங்குல அகலம் இருக்கவேண்டும் என்று வற்புறுத்தியது. பயணம் செய்பவனுக்கு ஒடுக்கமான சில்லு நல்லது, பாதையைப் பழுதுபார்ப்பவனுக்கு அகலமான சில்லு நல்லது. இந்தப் பிணக்கு இன்றுவரை தீரவில்லை.

காற்றடைத்த டயருக்கு 1845இலேயே ரொபர்ட் தொம்சன் உரிமம் பெற்றிருந்தாலும், 1888இல் பெல்பாஸ்ட் நகரில் ஜோன் பொய்ட் டன்லொப் அதனை மீண்டும் கண்டுபிடித்த பின்னரே உலகம் அதனைப் பயன்படுத்தத் தொடங்கியது. அதற்கு வேண்டிய ரப்பரில் எங்கள் நாட்டுக்கும் பங்கு உண்டு. 1876இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுசென்ற விதைகள் லண்டன் கியூ பூங்காவில் முளைக்கவைக்கப்பட்டு, 1,919 கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பஹா அருகில் ஹெனரத்கொடையில் அவை நடப்பட்டன. பின்னாளில் களுத்துறை, கேகாலைத் தோட்டங்களில் ரப்பர்ப் பால் வெட்டியவர்களில் எம்மவர்களும் இருந்தனர். 1942இல் மலாயா ஜப்பானியர் கையில் விழுந்தபோது நேச நாடுகளின் இயற்கை ரப்பருக்கு இலங்கையே பெரும் நம்பிக்கையாக இருந்தது. மரங்கள் பட்டுப்போனாலும் பாதகமில்லை என்று பால் வெட்டப்பட்ட காலம் அது.

அந்த யுத்தம்தான் ஜீப்பையும் தந்தது. 1941இல் வந்த வில்லிஸ் ஜீப்பின் டயர் 6.00-16 அளவு. அதாவது ஆறு அங்குல அகலம், பதினாறு அங்குல வளையம். 1948இல் அறிமுகமான லேண்ட் ரோவரும் அதே அளவில்தான் தொடங்கியது. பின்னர் வந்த நீண்ட லேண்ட் ரோவர்களுக்கு 7.50-16 பொருத்தப்பட்டது. தரையிலிருந்து ஏறத்தாழ 32 அங்குல உயரம், ஆனால் எட்டு அங்குலமளவே அகலம். உயரமும் ஒடுக்கமும் ஒன்றுசேர்ந்த அந்த டயர் தோட்டத் துரைமாரின் வண்டிகளில் பல்லாண்டுகள் ஓடியது. அகல டயர் நாகரிகம் பின்னரே அமெரிக்காவிலிருந்து பரவியது.

இனி மருமகனின் கேள்விக்கு வருவோம். ஒரு சில்லின்மீது 900 இறாத்தல் பாரம் இருக்கிறது, டயரின் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் என்று வைத்துக்கொள்வோம். தரையில் படியும் பரப்பு ஏறத்தாழ 30 சதுர அங்குலம். டயர் அகலமானாலும் ஒடுக்கமானாலும் அந்தப் பரப்பு பெரிதாக மாறுவதில்லை. மாறுவது அதன் வடிவம். அகல டயரின் தடம் குறுக்கே நீண்டது. உயர்ந்த ஒல்லி டயரின் தடம் பயணத் திசையில் நீண்டது. எனவே ஒல்லி டயர் தள்ளிக்கொண்டு போகவேண்டிய சேற்றுச் சுவர் சிறியது. முன் செல்லும் பற்கள் சேற்றை விலக்க, பின் வரும் பற்கள் அடியில் உள்ள உறுதியான தரையைப் பிடிக்கின்றன.

இன்று கடையில் விற்கும் இரண்டு அளவுகளை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். 235/85 ஆர் 16 டயரின் உயரம் 806 மில்லிமீற்றர். 265/75 ஆர் 16 டயரின் உயரம் 804 மில்லிமீற்றர். உயரம் ஒன்றுதான். அச்சுக்கு அடியில் கிடைக்கும் இடைவெளியும் ஒன்றுதான். அகலத்தில் மட்டும் 30 மில்லிமீற்றர் வித்தியாசம். ஒரு விரல் அகலத்தைவிடச் சற்று அதிகமான இந்த வித்தியாசம், ஒரு பக்கம் மண்சுவரும் மறுபக்கம் கானுமாக இருக்கும் தோட்டப் பாதையில் சிறிதன்று.

ஆனால் ஒல்லி டயரே எங்கும் சிறந்தது என்று யாரும் எண்ணவேண்டாம். மன்னார் மணலிலோ வில்பத்துவின் மணற்பாதையிலோ காற்றைக் குறைத்த அகல டயர்தான் மிதந்து செல்லும். ஒல்லி டயர் அங்கே தனக்குத்தானே குழி தோண்டிக்கொள்ளும். அடி தெரியாத சேற்றுக்கும் இதே நியாயம் பொருந்தும். ஒல்லி டயர் ஒரு நம்பிக்கையின் மேல் ஓடுகிறது. அடியில் கல் இருக்கிறது என்பதே அந்த நம்பிக்கை. அந்தக் கல்லை அடுக்கியவர்கள் எங்கள் பாட்டன்மார். மரக்கறி வியாபாரி தாம் அறியாமலே அவர்களுக்குச் சாட்சி சொன்னார்.

இவ்விடத்தில் ஒரு பழைய சம்பவத்தைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. தோட்டங்கள் அரசுடைமையான பிந்திய ஆண்டுகள். எனக்கு எட்டு அல்லது ஒன்பது வயது. என் பெரியப்பா தோட்டத்து லேண்ட் ரோவரின் டிரைவர். ஊவாவில் ஐப்பசி முதல் தை வரை பெருமழை. அப்படியொரு கார்த்திகை இரவில் எங்கள் லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டது. மருத்துவிச்சியால் முடியவில்லை. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

வண்டி பங்களாவில் இருந்தது. சாவியும் அங்கேயே இருந்தது. அனுமதி பெறாமல் வண்டியை எடுக்க முடியாது. கணக்கப்பிள்ளையைத் தேடி, அவர் மூலம் பங்களாவுக்கு ஆள் போய், எழுதிய துண்டு கைக்கு வர இரண்டு மணி நேரம் சென்றது. அதன்பின் பெரியப்பா பின் சில்லுகளுக்குச் சங்கிலி கட்டி, அந்த மழையில், ஓர் இடத்திலும் நிற்காமல் பதுளைக்குப் போய்ச் சேர்ந்தார். தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

பெரியப்பா அந்த வண்டியின் டயர்களைப் பற்றி எப்போதும் உயர்வாகவே பேசுவார். அந்த இரவைப் பற்றிக் கேட்டால் மட்டும் "டயர் பிந்தலடா, துண்டுதான் பிந்திருச்சு" என்பார். அதற்குமேல் பேசமாட்டார்.

பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பின்னர், அந்தத் துண்டு ஒரு தோட்டத்தின் வழக்கம் மட்டுமன்று என்பதை விளங்கிக்கொண்டேன். தோட்டப் பாதை தேயிலைக்காக வெட்டப்பட்டது. அதில் மனிதர் செல்வது சலுகையாகவே கருதப்பட்டது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்தது. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குச் சென்றது. உரிமையாளர் மாறினர், பாதையின் நிலை மாறவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைகளின் நிதியைத் தோட்டப் பகுதிகளுக்குச் செலவிடத் தடையாக இருந்து வந்தது. வாக்களிக்கும் மக்கள், அதே சபையிடம் தம் பாதைக்கு ஒரு வண்டிக் கல் கேட்க முடியாத நிலை. அந்தச் சட்டம் திருத்தப்பட்டது 2018இல்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதற்குச் சென்றது.

இதற்கிடையில் பழைய கான்கள் தூர்ந்தன. கான் தூர்ந்தால் நீர் பாதையில் ஓடும், நீர் ஓடினால் கல்வரிசை கழன்றுபோகும். அதன்பின் எந்த டயர் போட்டும் பயனில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்தபோதும், தோட்டத்து மக்களிடம் உதவி போய்ச்சேர்வது பாதையின் கையிலேயே இருந்தது.

மருமகனுக்கு நான் எழுதிய பதில் இதுதான். தெமோதரைக்கு வருவதானால் உயர்ந்த, ஒடுக்கமான டயர் போட்ட வண்டியில் வா. வியாபாரி சொன்னது முற்றிலும் உண்மை. ஆனால் கானைத் துப்புரவாக்கிக் கல்லைக் காப்பாற்ற ஆள் இருக்கும்வரைதான் அது உண்மை.

பெரியப்பா காலமாகிப் பல ஆண்டுகளாகிவிட்டன. எங்கள் பழைய லயத்துக்கு ஏறும் மண்படிகள் மழையில் கரையாதபடி, தேய்ந்த 7.50-16 டயர்களை அவர்தான் வரிசையாகப் பதித்து வைத்தார். மண் நிரம்பி, புல் முளைத்து, அவை இன்னும் அங்கே இருக்கின்றன. அன்று மருமகனும் நானும் அவற்றின்மேல் கால் வைத்துத்தான் மேலே ஏறினோம்.