மணி அடித்த கல்கத்தாவும் மணி அடிக்காத நம் பி பிளாக்கும்



போன மார்கழியில் ஓர் இரவு, நம் பி பிளாக் மூன்றாம் மாடியில் ஒரு பெரியவருக்கு நெஞ்சு வலி. அவர் மனைவி மூன்று முறை 108-க்கு அழைத்துப் பார்த்தார். அழைப்பே போகவில்லை. படி இறங்கி, கேட் வரை ஓடிவந்து பேசிய பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்தது. பெரியவர் இப்போது நலம். காலையில் என்னோடு நடக்கிறார். ஆனாலும் அந்தச் சில நிமிடங்களை நினைத்தால் எனக்கு மனசு உறுத்துகிறது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

ஓடிபி வராமல் தவிப்பதும், ஜி-பே சுற்றிக்கொண்டே நிற்பதும் இங்கே எல்லாருக்கும் பழகிவிட்டது. "அந்தக் காலத்து சின்ன போனில் வீட்டுக்குள் நன்றாகக் கேட்டதே, 5ஜி வந்தும் ஏன் இப்படி?" என்று பலர் கேட்கிறார்கள். நான் பி.காம். படித்தவன், பொறியாளன் அல்ல. வங்கியில் கணக்கு உதைத்தால் பழைய பேரேடுகளைப் புரட்டுவோம். இங்கும் அதையே செய்தேன்.

முதல் பக்கம் 1895, கல்கத்தா டவுன் ஹால். ஜகதீஷ் சந்திர போஸ் கம்பி ஏதுமில்லாமல் மின்காந்த அலையை அனுப்பிக் காட்டினார். அலை சுவரைத் தாண்டி, வழியில் இருந்த லெப்டினன்ட் கவர்னரின் உடலையும் ஊடுருவிப் போய், அடுத்த அறையில் ஒரு மணியை அடித்தது. வெடிமருந்தையும் வெடிக்க வைத்தது. சுவர் தாண்டும் சிக்னலை நம் நாட்டு மக்கள் கண்ணால் பார்த்தது அன்றுதான். ஆனால் அனுப்பிய கருவியும் அடித்த மணியும் ஒரே கட்டடத்தில் இருந்தன. நமக்கு வரும் அலையோ நெடுந்தூரம் வந்து களைத்த பிறகுதான் நம் சுவரில் முட்டுகிறது.

அடுத்த பக்கம் 1947. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டக்ளஸ் ரிங் என்பவர் ஒரு யோசனை எழுதினார். ஊர் முழுவதற்கும் ஒரே பெரிய டவர் வேண்டாம். ஊரைத் தேன்கூடு மாதிரி சிறு அறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு நிலையம் வைக்கலாம் என்றார். 'செல்' போன் என்ற பெயர் அந்த அறையிலிருந்து வந்ததுதான். 1973 ஏப்ரல் 3 அன்று மார்ட்டின் கூப்பர் நியூயார்க் தெருவில் நின்று முதல் கைப்பேசி அழைப்பைச் செய்தார்.

இந்தியாவில் அந்த நாள் 1995 ஜூலை 31. மறுபடியும் கல்கத்தா. முதல்வர் ஜோதிபாசு அங்கிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். போஸ் காட்டி நூறு வருடம் கழித்து! அப்போது வரும் அழைப்புக்கும் காசு உண்டு. 2003-ல்தான் அது இலவசமானது. அதுவரை மணி அடித்தால் நம்பரைப் பார்த்துவிட்டுத் துண்டித்து, பக்கத்துக் கடை பூத்திலிருந்து திருப்பிக் கூப்பிட்டவர்களில் நானும் ஒருவன்.

நம் சிக்கலின் வேர் இதற்குப் பிந்தைய பக்கங்களில் இருக்கிறது. 1995-ல் வந்த சேவை 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடியது. பிறகு 1800. 2009 வாக்கில் வந்த 3ஜி 2100. 2012-ல் 4ஜி முதலில் வந்ததும் கல்கத்தாவில்தான், அது 2300. 2022 அக்டோபரில் தொடங்கிய 5ஜி பெரும்பாலும் 3300-க்கு மேல். எண் ஏற ஏற டேட்டா அதிகம் கொள்ளும். ஆனால் அலை சுவருக்குள் நுழைவது கடினமாகும். இதே காலத்தில் நம் சுவர்களும் மாறின. செங்கல்லும் மரச் சன்னலும் போய், நெருக்கமாகக் கம்பி கட்டிய கான்கிரீட்டும் உலோகப் பூச்சுள்ள கண்ணாடியும் வந்தன. அலை மெலிந்தது, சுவர் தடித்தது. பி பிளாக்குக்கு இன்னொரு கஷ்டம்: டவர் இருப்பது மெயின் ரோடு பக்கம், நடுவில் ஏ பிளாக் நிற்கிறது.

"நாலு கோடு காட்டுகிறதே, டேட்டா மட்டும் ஏன் வரவில்லை?" என்று இன்னொரு கேள்வி. கோடு என்பது வங்கிக் கதவு திறந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். உள்ளே கவுண்டரில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அது சொல்லாது. இரவு எட்டு மணிக்கு எல்லா வீட்டிலும் படம் ஓடும்போது வரிசை நீளத்தான் செய்யும்.

உடனே செய்யக்கூடியவை சில. வீட்டில் வைஃபை இருந்தால் போன் செட்டிங்ஸில் 'வைஃபை காலிங்' போட்டுவையுங்கள். டவர் இல்லாமலே பேச்சு போகும். 5ஜி வந்து வந்து போகும் வீட்டில் 4ஜி-யில் நிறுத்திவைத்தால் ஓரளவு நிலையாக இருக்கும். அவசரத்துக்கு 112 போடுங்கள். உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் கிடைக்கிற வேறு நிறுவன டவர் வழியாகப் போகும். கடையில் விற்கும் 'பூஸ்டர்' பெட்டியை மட்டும் வாங்காதீர்கள். அனுமதியில்லாமல் வைப்பது சட்டப்படி குற்றம். அக்கம்பக்கத்துச் சிக்னலையும் அது கெடுக்கும்.

இப்போது மனசு உறுத்தும் காரணம். இரண்டு வருடம் முன்பு, மாடிப்படி வராந்தாக்களில் சிறு ஆண்டெனாக்கள் வைக்க ஒரு நிறுவனம் அனுமதி கேட்டது நினைவிருக்கும். கதிர்வீச்சுக்குப் பயந்து பொதுக்குழுவில் எதிர்த்துக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்: நம் நாட்டில் 2012 முதல் டவர் கதிர்வீச்சு வரம்பு சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்குதான். சிக்னல் பலவீனமான இடத்தில் டவரை எட்டுவதற்காக, நம் காதோரம் இருக்கும் போன்தான் அதிகச் சக்தியோடு அலையை அனுப்புகிறது. எதற்குப் பயந்து வேண்டாம் என்றேனோ, அதைத்தான் காதில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த பொதுக்குழுவில் இந்த விஷயத்தை மறுபடி எடுக்கும்படி செயலாளருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். ஒரே நிறுவனத்துக்கு மட்டும் என்றில்லாமல், எல்லா நிறுவனங்களும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடாகக் கேட்கலாம். வைத்த பிறகு கதிர்வீச்சை அளந்து அறிக்கை தர வேண்டும் என்று நிபந்தனையும் போடலாம். எதிர்ப்பவர்கள் தங்கள் காரணத்தைச் சொல்லட்டும், உட்கார்ந்து பேசுவோம். அதற்கு முன் ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டில் எந்த அறையில், எந்த நேரத்தில் சிக்னல் போகிறது என்று ஒரு வாரம் குறித்து, பி பிளாக் தரைத்தளப் புகார்ப் பெட்டியில் போடுங்கள். கணக்கைச் சரிபார்த்து எழுதிவைக்க நான் இருக்கிறேன்.