ஹாக்கி வரலாற்றில் எண்ணும் நினைவும்

சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் விளையாட்டைப் பற்றிய பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் கிரிக்கெட்டில் தொடங்கிக் கிரிக்கெட்டிலேயே முடிகிறது. ஆயினும் வீட்டில் வயது முதிர்ந்தவர் ஒருவர் இருந்துவிட்டால் ஹாக்கி வந்தே தீரும். தியான் சந்தைப் போல் ஒருவன் இனிப் பிறப்பானா என்பார் அவர். எத்தனை கோல் அடித்தார் தாத்தா என்று பேரப்பிள்ளை கேட்கும். முதியவர் சாட்சிக்கு அழைப்பது நினைவை. பிள்ளை அழைப்பது எண்ணை.

தோற்றவர் வெளியேறும் கடைசிச் சுற்றுகளிலேதான் வீரனின் தரம் வெளிப்படும் என்பது உலகத்தார் கருத்து. அச்சுற்றுகளில் யார் எங்ஙனம் ஆடினர் என்பதை நாம் அறிவதோ இவ்விரு சாட்சிகளின் வாய்மொழியைக் கொண்டுதான். ஆகவே இருவரையும் சற்றே குறுக்கு விசாரணை செய்து பார்ப்பது தகும்.

தமிழில் 'கோல்' என்பது ஊன்றுகோலையும் குறிக்கும், துலாக்கோலையும் குறிக்கும், அளவுகோலையும் குறிக்கும். ஆங்கிலேயர் கொண்டுவந்த ஹாக்கியில் பந்து வலைக்குட் புகுவதும் கோல். அந்தக் கோலையே அளவுகோலாக்கி வீரரை அளப்பது எளிதாகிவிட்டது போலும்! தியான் சந்த் 1952இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றுக்கும் 'கோல்' என்றே பெயரிட்டார்.

அவர் ஆடிய மிகப் பெரிய ஆட்டத்திலிருந்தே தொடங்குவோம். 1936 ஆகஸ்ட் 15ஆம் நாள், பெர்லின் ஒலிம்பிக்கின் இறுதியாட்டம். முதல் நாள் பெய்த மழையால் தள்ளிவைக்கப்பட்ட ஆட்டம் அது. எதிரே ஜெர்மனி. அதே ஜெர்மானியர் ஒரு மாதத்துக்கு முன் பயிற்சி ஆட்டத்தில் இந்தியாவை 4–1 என்று தோற்கடித்திருந்தனர். ஈரத் தரையில் முதற்பாதி முடிந்தபோது இந்தியாவுக்குக் கிட்டியிருந்தது ஒரே கோல். பிற்பாதியில் ஏழு. முடிவு 8–1. அப்போட்டி முழுவதிலும் இந்தியா வாங்கிய கோல் அந்த ஒன்றுதான். இவற்றில் எவர்க்கும் ஐயமில்லை. ஆனால் அந்த எட்டில் தியான் சந்த் அடித்தவை எத்தனை? மூன்று என்பது ஒரு கணக்கு. ஆறு என்பது இன்னொரு கணக்கு. இரண்டும் பல்லாண்டுகளாக அச்சேறி வருகின்றன. ஆட்ட விவரங்களை ஆராய்ந்தோர் மூன்று என்பதையே ஏற்கின்றனர். நாமும் அதையே ஏற்கிறோம். எனினும் ஆறு என்பது எங்ஙனம் பிறந்தது என்பதை ஊகிப்பது கடினமன்று. அன்று மைதானத்தில் இருந்தோர் கண்களை நிறைத்தவர் அவர் ஒருவரே. அவர் தள்ளிக் கொடுத்துப் பிறர் அடித்ததும் காண்பவர் மனத்தில் அவர் அடித்ததாகவே பதிந்திருக்கக் கூடும்.

மூன்றா ஆறா என்பது வெறும் வம்பன்று. 1952 ஹெல்சிங்கி இறுதியாட்டத்தில் நெதர்லாந்தை இந்தியா 6–1 என்று வென்றபோது, ஐந்து கோல்களை அடித்தவர் பல்பீர் சிங். ஒலிம்பிக் ஆடவர் இறுதியாட்டத்தில் ஒருவர் அடித்த மிகுந்த கோல்கள் அவை என்று சாதனைப் பட்டியலில் இன்றும் நிற்கின்றன. தியான் சந்தின் ஆறு மெய்யாயின் பல்பீரின் ஐந்து சாதனையாகாது. ஒருவர் புகழை நினைவு பெருக்கினால் மற்றொருவர் கணக்கு சுருங்குகிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1932 லாஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்காவை இந்தியா 24–1 என்று வென்ற கடைசி ஆட்டத்தில் தியான் சந்தின் தம்பி ரூப் சிங் பத்துக் கோல் அடித்தார், அண்ணன் எட்டு. ஆனால் அங்கு வந்திருந்தவை மூன்றே நாடுகள். ஒவ்வொன்றும் மற்றிரண்டோடு ஆடிற்று. ஆகையால் அதற்கு 'இறுதியாட்டம்' என்னும் பெயரே இல்லை. பத்துக் கோல் அடித்தவர் அந்தப் பட்டியலிலேயே இல்லை! அமெரிக்கரின் வலையில் விழுந்த எட்டையும் ஜெர்மானியரின் வலையில் விழுந்த மூன்றையும் ஒரே தராசில் நிறுப்பவர் ஹாக்கி அறியாதவர் என்பதே நம் கருத்து.

பல்பீர் சிங்கின் வரலாறு இவ்வழக்குக்கு மிகவும் ஏற்றதாகலின் அதில் சிறிது நேரம் தங்குவோம். மூன்று ஒலிம்பிக்குகளில் அவர் ஆடிய ஆட்டங்கள் எட்டு; அடித்த கோல்கள் 22. 1948 லண்டனில் அர்ஜென்டினாவுக்கு எதிராக ஆறு கோல் அடித்தவரை, நெதர்லாந்தோடு ஆடிய அரையிறுதியில் களமிறக்கவில்லை. இறுதியாட்டத்துக்கு மீண்டும் அழைத்தனர். சுதந்திரம் பெற்று ஓராண்டு நிறையுமுன், நம்மை ஆண்ட பிரிட்டனையே அவர்தம் வெம்பிளி மைதானத்தில் 4–0 என்று வென்ற ஆட்டம் அது. முதலிரண்டு கோல்கள் பல்பீருடையவை. 1952இல் அரையிறுதியில் மீண்டும் பிரிட்டனுக்கு எதிராக மூன்று, இறுதியில் ஐந்து. இதுவரை எண்ணும் நினைவும் ஒன்றையே சொல்கின்றன.

1956 மெல்போர்னில்தான் அவை பிரிகின்றன. அணித்தலைவராகச் சென்ற பல்பீர் முதல் ஆட்டத்தில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக ஐந்து கோல் அடித்தார். அவ்வாட்டத்திலேயே வலக்கை விரல் முறிந்தது. அடுத்த இரண்டு ஆட்டங்களில் அவர் இல்லை. காயத்தின் கடுமையை அணியினர் வெளியே சொல்லாமல் காத்தனர். அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராகவும் இறுதியில் பாகிஸ்தானுக்கு எதிராகவும், முறிந்த விரலோடும் வலி தணிக்கும் ஊசியோடும் அவர் இறங்கினார். இரண்டிலும் இந்தியா 1–0 என்றே வென்றது. அரையிறுதிக் கோல் உதம் சிங்குடையது. இறுதிக் கோல் ரண்தீர் சிங் ஜென்டிலுடையது. பல்பீரின் பெயருக்கு எதிரே இரண்டு ஆட்டங்களிலும் பூஜ்யம்.

கோல் கணக்கை மட்டும் பார்ப்பவர், பெரிய ஆட்டங்களில் ஒளிந்துகொண்ட வீரர் என்று அவரை எழுதிவிடலாம். நடந்ததோ வேறு. விரல் முறிந்ததை அறியாத எதிரணியினர் அவரைக் காக்கத் தம் தடுப்பாளர்களை நிறுத்துவர். அதனால் மற்றவர்க்கு வழி திறக்கும் என்பதே அணியின் எண்ணம். தாம் அடிக்கப் போவதில்லை என்று தெரிந்தே ஒருவர் முன்வரிசையில் நின்றார். அந்தப் பூஜ்யத்துக்கு எந்தப் பட்டியலில் என்ன மதிப்புப் போடுவது? இங்கே நினைவுதான் நீதி செய்தது; 1956 வெற்றியைப் பல்பீரின் வெற்றியாகவே நாடு போற்றிற்று. ஆனால் அந்நினைவே, அப்போட்டியில் 15 கோல்களை அடித்த உதம் சிங்கை நிழலில் தள்ளிவிட்டதும் உண்மை.

கோல் அடிப்பவர்க்கே இந்நிலையென்றால் கோல் காப்பவர் கதை என்னாவது? மௌ நகரத்தைச் சேர்ந்த சங்கர் லட்சுமண் 1956, 1960, 1964 ஆகிய மூன்று ஒலிம்பிக் இறுதியாட்டங்களிலும் இந்தியாவின் காவலர். மூன்றிலும் எதிரணி பாகிஸ்தான். மூன்றும் சேர்ந்து அவரைக் கடந்த பந்து ஒன்றே ஒன்று. 1960 ரோமில் நசீர் அகமது அடித்த அந்த ஒன்றினால் இந்தியாவின் தங்கத் தொடர் முறிந்தது. முதிய ரசிகர் பலர்க்கு நசீரின் பெயர் தெரியும். மற்றைய இரண்டு ஆட்டங்களில் லட்சுமண் தடுத்தவை எத்தனை என்று எவர் எழுதி வைத்தார்?

எண் என்பதும் வானத்திலிருந்து விழுவதன்று. அதுவும் ஒரு மனிதன் கண்டு சொன்னதே. 1975 மார்ச் 15இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் தியான் சந்தின் மகன் அசோக் குமார் அடித்த பந்து, கம்பத்தின் மூலையில் பட்டு வெளியே திரும்பிற்று. பாகிஸ்தானியர் அது கோல் அன்றென்று வாதாடினர். மலேசிய நடுவர் விஜயநாதன் கோல் என்று தீர்த்தார். இந்தியா 2–1 என்று வென்றது. இன்றுபோல் படம் ஓட்டிப் பார்க்கும் வசதி அன்றில்லை. ஒருவர் கண் கண்டது ஏட்டில் ஏறி எண்ணாயிற்று.

இனி நமக்கு நெருங்கிய ஒருவரிடம் வருவோம். 1911க்கு முன் சித்தூரே வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர். ஆரணியும் அம்மாவட்டத்து ஊரே. அந்த ஆரணியில் 1950இல் பிறந்த வாசுதேவன் பாஸ்கரன் 1980 மாஸ்கோவில் இந்தியாவின் தலைவராக நின்று தங்கம் வென்றார். ஆண்கள் ஹாக்கியில் இந்தியா பெற்ற ஒலிம்பிக் தங்கங்களில் எட்டாவது அது. இறுதியில் ஸ்பெயினை 4–3 என்று வென்றனர். அக்கோல்களில் பாஸ்கரனுடையது ஒன்றுமில்லை. சுரிந்தர் சிங் சோதி இரண்டு, கௌசிக் ஒன்று, முகமது ஷாகித் ஒன்று. சோதி அப்போட்டியில் மொத்தம் 15 அடித்து உதம் சிங்கின் எண்ணை எட்டினார். ஆனால் புறக்கணிப்பால் பாகிஸ்தான், மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா ஆகியவை வரவில்லை. வந்த ஆறு நாடுகளுள் தான்சானியாவை 18–0 என்றும் கியூபாவை 13–0 என்றும் இந்தியா வென்றது. இரு பதினைந்துகளும் தாளில் ஒன்றே, களத்தில் ஒன்றல்ல. ஆயினும் 3–0 என்று முன்னிருந்த ஆட்டம் 4–3 என்று நெருங்கியபோது, எஞ்சிய நிமிடங்களைச் சிதறாது கடக்க வேண்டியிருந்தது. அணித்தலைவரை மதிப்பிட வேண்டிய இடம் அதுவே. ஸ்பெயினின் மூன்று கோல்களையும் அடித்தவர் ஹுவான் அமத் என்பவர். ஒலிம்பிக் இறுதியில் மூன்று கோல் அடித்தும் அவர் பெயர் நம்மிடையே எவர் நாவிலும் இல்லை. தோற்றவரை நினைவு வைத்துக்கொள்வதில்லை.

எண்ணே இல்லாமற் போன ஒரு வீரரும் உண்டு. அவர் நம்மைப் போல் பிழைப்புத் தேடிப் பிறநாட்டெல்லையில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. புனேயை அடுத்த கட்கியில் ஆயுதத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்த தன்ராஜ் பிள்ளை, உடைந்த மட்டைகளை ஒட்டி வைத்து ஆடக் கற்றவர். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, 339 சர்வதேச ஆட்டங்கள். அடித்த கோல்கள் 170க்கு மேல் என்று அவரே கூறுவார். ஏடு காட்டி உறுதி செய்ய இயலாது. அக்காலத்து ஹாக்கிச் சம்மேளனம் அவ்வகைக் கணக்கை முறையாக வைக்கவில்லை. நாட்டுக்காக ஆடியவரின் கணக்கை நாடு வைக்கத் தவறியது வெட்கக்கேடு என்று சொல்ல நாம் தயங்கவில்லை.

ஆகவே தன்ராஜை நினைவு ஒன்றே தீர்ப்பிடுகிறது. 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில் இந்தியா தென்கொரியாவைப் பெனால்டி அடிகளில் வென்று, 32 ஆண்டுகளுக்குப் பின் தங்கம் பெற்றது. சில வாரங்களிலேயே அவரும் காவலர் ஆஷிஷ் பல்லாலும் வேறு சிலரும் அணியிலிருந்து நீக்கப்பட்டனர். ஈராண்டு கழித்துச் சிட்னி ஒலிம்பிக்கில், போலந்தை வென்றால் அரையிறுதி என்னும் நிலையில், ஆட்டம் முடியச் சிறிது நேரமே இருக்கையில் போலந்து கோல் அடித்து 1–1 ஆக்கிற்று. தன்ராஜுக்கு ஒலிம்பிக் பதக்கம் கடைசி வரை கிட்டவில்லை. பெரிய ஆட்டங்களில் அவர் தவறினார் என்று சிலர் சொல்வதுண்டு. ஒலிம்பிக் அரையிறுதி ஒன்றில் ஆடும் வாய்ப்பையே அணி பெறாதபோது, அதில் ஒருவர் ஆடியிருக்கக் கூடிய விதத்தை எங்ஙனம் குறை கூறுவது?

இக்காலத்தில் கணக்குப் பெருகிவிட்டது. 2024 பாரிஸில் ஹர்மன்ப்ரீத் சிங் பத்துக் கோல் அடித்தார் என்பதை எவரும் நொடியில் அறியலாம். எனினும் பிரிட்டனுடன் நடந்த காலிறுதியில், பத்தே பேராய் நாற்பது நிமிடங்களுக்கு மேல் போராடிய இந்தியாவைக் காத்தவர் ஸ்ரீஜேஷ் என்பதே மக்கள் மனத்தில் நிற்கிறது. ஆட்டம் 1–1, பின்னர்ப் பெனால்டிச் சுற்றில் 4–2. காவலர்க்கும் நினைவில் இடம் கிடைக்கத் தொடங்கியிருப்பது நல்ல செய்தி.

அந்த இடம் நம் மண்ணைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கும் உரியது. பழைய சித்தூர் மாவட்டத்து எர்ராவாரிபாலெம் மண்டலம் 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து சென்ற ரஜனி எதிமர்ப்பு இந்திய மகளிர் அணியின் கோல் காவலராக ஆடியவர். 2024 ஜனவரியில் மஸ்கட் நகரில் நடந்த ஐவர் ஹாக்கி உலகக் கோப்பையில் அவரே இந்தியாவின் தலைவி. அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவை 6–3 என்று வென்று, இறுதியில் நெதர்லாந்திடம் 2–7 என்று தோற்று வெள்ளி பெற்றனர். ஐவர் ஹாக்கி சிறு களத்தில் ஆடுவது. எங்கிருந்தும் கோலை நோக்கி அடிக்கலாம். காவலர்க்கு மூச்சுவிட நேரமிராது. எதிரே நின்றதோ, பதினொருவர் உலகக் கோப்பையை 2022 வரை ஒன்பது முறை வென்ற நாடு. பட்டியலில் ஏழு என்பது மட்டும் நிற்கும்.

அதற்கு முன்பும் பல ஆண்டுகள் ரஜனி அணியில் இருந்தார். அவற்றுள் பெரும்பகுதி, முதற்காவலர் சவிதாவுக்கு அடுத்தவராகப் பலகையில் அமர்ந்து கழிந்தது. ஆடாத ஆட்டத்துக்குக் கணக்கேடும் இல்லை. கண்டு நினைவு வைத்துக்கொள்ளச் சாட்சியும் இல்லை. அடுத்த நாள் காலையில் பயிற்சி தொடங்கியபோது, தோழியர் அடித்த பெனால்டி கார்னர்ப் பந்துகளை முறை வைத்து உடலில் தாங்கியவர்களுள் அவரும் ஒருவர்.